தம்பிக்கு ஃபோலி டியூபை எடுத்துவிட்டு, தானே டியூப் விட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

தட்டோன் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தட்டோனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் கிராமம். தம்பிக்கு 27 வயது. பாக்கு மரம் ஏறிக் குலை வெட்டுகிற வேலை. போன ஐப்பசியில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டான். ரங்கூனுக்குக் கொண்டுபோய் முதுகில் ஆபரேஷன் செய்தோம். முதுகெலும்பில் அடிபட்ட இடம் டி10 என்று சீட்டில் எழுதியிருக்கிறது. தொப்புளுக்குக் கீழே உணர்வு இல்லை, கால் அசையவில்லை. கை இரண்டும் நன்றாக இருக்கின்றன.

அன்றிலிருந்து ஃபோலி டியூபும் (மூத்திரப்பைக்குள் பலூனால் நிற்கிற குழாய்) யூரின் பையும்தான். 16 நம்பர். மாதம் ஒருமுறை தட்டோனிலிருந்து ஒரு செயாமா (நர்ஸம்மா) வந்து மாற்றுகிறார். இதற்குள் இரண்டு தடவை குளிர் ஜுரம் வந்து ஊசி போட்டோம். போன வாரம் காட்டியபோது டாக்டர், "ஃபோலி போதும், எடுத்துவிடலாம். நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை அவரே டியூப் விட்டு மூத்திரத்தை வெளியேற்றிவிட்டு, டியூபை எடுத்துவிடட்டும்" என்றார். அது முடியாது என்றால் வயிற்றில் சின்ன ஓட்டை போட்டு அதன் வழியாக டியூப் வைக்கலாம் என்றும் சொன்னார்.

தம்பி இரண்டுக்கும் தலையாட்டவில்லை. "அந்த இடத்தில் என் கையாலேயே குழாய் விடுவதா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அம்மா இருப்பதே இருக்கட்டும் என்கிறார். எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர்தான். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. ஒரு நாளைக்கு ஆறு டியூப் என்றால் அத்தனைக்கு எங்கே போவது? வலிக்குமா? இன்னும் கல்யாணம் ஆகாதவன், அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நான் அக்கா, இதையெல்லாம் அவனிடம் உட்கார்ந்து பேசவும் வாய் வரமாட்டேன் என்கிறது. அப்பா இல்லை. அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

ரங்கூன் போன் ரிப்பேர் எழுதியது:

தங்கச்சி, உன் தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான் என்று படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நானும் அப்படித்தான் படுத்துக் கிடந்தேன்.

2008 மே மாதம் நர்கீஸ் புயல் எங்கள் வீட்டுத் தகரத்தை அள்ளிக்கொண்டு போனது. புயலில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு நாள் கழித்து, கிடைத்த தகரத்தை வைத்து ஆணி அடிக்க மேலே ஏறி அங்கிருந்து விழுந்தேன். முதுகெலும்பில் எல்1. அப்போது எனக்கு 29 வயது. ஆஸ்பத்திரியில் வைத்த ஃபோலியோடு வீட்டுக்கு வந்தேன். இரண்டரை வருஷம் அதோடேயே இருந்தேன். வேறு வழி உண்டு என்று ஒருவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

அந்த இரண்டரை வருஷத்தில் நடந்ததைச் சொல்கிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டு. பையைக் கட்டில் காலில் தொங்கவிட்டிருப்போம். டியூபைத் தொடையில் ஒட்டவில்லை. பை நிறைய நிறைய அதன் கனம் முழுவதும் டியூபை இழுக்கும். எனக்குத்தான் உணர்வு இல்லையே. ஒரு நாள் அம்மா துடைத்துவிடும்போது, ஆண்குறியின் அடிப்பக்கம் துவாரத்திலிருந்து கீழே கத்தியால் கீறியதுபோல் பிளந்திருந்ததைப் பார்த்தார். டியூப் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. அது இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. அப்புறம் கல். டியூபை மாற்றும்போது முட்டை ஓடு போல வெள்ளையாகப் பொடி ஒட்டிக்கொண்டு வரும், அடிக்கடி அடைக்கும். கடைசியில் மூத்திரப்பையில் கல் என்று படத்தில் தெரிந்து எடுத்தார்கள். ஜுரம் எத்தனை தடவை வந்தது என்ற கணக்கை விட்டுவிட்டேன்.

கல் எடுத்த டாக்டர்தான் எனக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்தார். நானும் உன் தம்பி சொன்னதையேதான் அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஒரு டியூபைக் கையில் கொடுத்து, "இன்றைக்கு விட வேண்டாம், சும்மா கையில் வைத்துப் பழகிக்கொள்" என்றார். மூன்று நாள் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. நாலாம் நாள் நானே கேட்டேன்.

சரி, எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். முதலில் ஆஸ்பத்திரியில் ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டித்தர வேண்டும். இதைப் படித்துவிட்டு வீட்டில் தனியாக ஆரம்பிக்க வேண்டாம்.

இதற்கு ஃபோலி வேண்டாம். பலூன் இல்லாத வெறும் பிளாஸ்டிக் டியூப் இருக்கிறது, நெலாட்டன் என்று கேட்டால் கொடுப்பார்கள். நான் 14 நம்பர் வைத்திருக்கிறேன், வெளி முனை பச்சை நிறம். 12 வெள்ளை, 16 ஆரஞ்சு, எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இந்த நிறம் மாறாது. நம்பரை மூன்றால் வகுத்தால் டியூபின் வெளிக் குறுக்களவு மில்லிமீட்டரில் வந்துவிடும், 12 என்றால் 4 மில்லிமீட்டர். சோப்புப் போட்டுக் கை கழுவி, அந்த இடத்தையும் கழுவ வேண்டும். ஆண்குறியை வயிற்றுப் பக்கமாக நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், தொங்கவிட்டால் உள்ளே வழி வளைந்துகொள்ளும். டியூபில் ஜெல்லி தாராளமாகத் தடவி மெல்ல உள்ளே விட வேண்டும். முக்கால் தூரம் போனதும் ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கேதான் எல்லோரும் பயந்து குத்துகிறார்கள். குத்தக் கூடாது. அது வால்வு. லேசாக அழுத்தியபடியே இரண்டு மூன்று தடவை நிதானமாக மூச்சு விட்டால் அதுவே வழிவிடும். மூத்திரம் வர ஆரம்பித்ததும் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே விட வேண்டும். வருவது நின்றதும் மெதுவாக இழுக்க வேண்டும். பாதியில் மறுபடி வந்தால் அங்கேயே நிறுத்தி வடியவிட வேண்டும். முன்தோலைத் தள்ளியிருந்தால் திரும்ப மூடிவிட வேண்டும், மறந்தால் வீங்கிக்கொள்ளும். பழகியபின் எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம். டி10 என்றால் பெரும்பாலும் வலி தெரியாது. வலி தெரியாத இடம் என்பதால்தான் இன்னும் மெதுவாகச் செய்ய வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் பற்றிக் கேட்டாய். நானும் அதற்குத்தான் பயந்தேன். ஆஸ்பத்திரியில் கையுறை, மருந்துப் பஞ்சு என்று ஒரு தட்டு நிறைய வைத்துச் செய்வார்களே, வீட்டில் அப்படி முடியுமா? 1972இல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜாக் லாபிடஸ் என்ற டாக்டர் இதற்குத்தான் பதில் சொன்னார். வீட்டில் ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் வேண்டாம், சோப்பால் கழுவிய கை போதும், மூத்திரப்பை அளவுக்கு மேல் நிறையாமல் நேரத்துக்கு வடிப்பதுதான் முக்கியம் என்றார். பை நிறைந்து உப்பினால் அதன் சுவரில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும், அப்போதுதான் கிருமிக்குக் கொண்டாட்டம். அதனால் மாமூலாகச் சொல்வதைவிட அழுத்திச் சொல்கிறேன், கடிகாரம் தவறக் கூடாது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மூடிய பாட்டிலில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் காலை 5, 10, மத்தியானம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10. ஐந்து தடவை. ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் கோடு போட்ட பிளாஸ்டிக் கப்பில் பிடித்து நோட்டில் எழுதினேன். ஒரு தடவைக்கு 400 மில்லிக்குள் வந்தால் நல்லது. 500ஐத் தாண்டினால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம், அல்லது டீக்கடையில் மேஜை மேல் இலவசமாக வைத்திருக்கிற வெறும் டீயை ஊற்றி ஊற்றிக் குடித்திருப்பேன். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர், ஒரே மடக்காக இல்லாமல் பிரித்துக் குடிக்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்குமேல் நான் குடிப்பதில்லை.

டியூப் கணக்கு: அட்டையில் ஒரு முறைக்கு மட்டும் என்றுதான் போட்டிருக்கும். காசு இருப்பவர்கள் அப்படியே செய்யட்டும். என்னால் முடியவில்லை. நான் ஒவ்வொரு தடவையும் உள்ளும் வெளியும் சோப்பால் கழுவி, ஆறிய தண்ணீரில் அலசி, உதறி, சுத்தமான துணியில் காயவைத்து, காய்ந்தபின் டப்பாவில் போடுகிறேன். ஒரு வாரம் வைத்துக்கொள்வேன். விறைத்தாலோ, சொரசொரப்பானாலோ, கீறல் தெரிந்தாலோ அன்றைக்கே குப்பையில். வழுவழுவென்று பூச்சோடு வருகிற விலை கூடிய டியூபை மட்டும் மறுபடி பயன்படுத்தவே கூடாது, பூச்சுப் போய்விட்டால் உள்ளே உராயும்.

ஒன்று மட்டும் தம்பியிடம் சொல். இடுப்பில் பை தொங்காமல், லுங்கியைக் கட்டிக்கொண்டு டீக்கடையில் போய் உட்கார்ந்த முதல் நாளில் நான் அழுதுவிட்டேன். நம் ஊரில் எல்லோரும் லுங்கி கட்டுகிறோம், இந்த வேலைக்கு அதைவிடத் தோதான உடுப்பு கிடையாது. நண்பர்களோடு பங்குனியில் பிலிக்கான் கோயிலுக்குத் தீமிதி பார்க்கப் போயிருக்கிறேன். வண்டிக்குள்ளேயே துண்டைப் போர்த்திக்கொண்டு, பாட்டிலில் வடித்துவிட்டுப் போவேன். எனக்குக் கல்யாணம் 2014இல் ஆனது. மீதியை அவன் என்னிடமே கேட்கட்டும். தனிச்செய்தியில் என் நம்பர் அனுப்புகிறேன். அக்கா பேச முடியாததை நான் பேசிக்கொள்கிறேன்.

---

பெகு வீட்டுக்காரி எழுதியது:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் வயிற்று டியூப் வைத்தவர்கள் தோற்றுப்போனவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் அடி, சி5. மோட்டார் சைக்கிள். தோளும் முழங்கையும் கொஞ்சம் மடங்கும், விரல் வேலை செய்யாது. அவரால் டியூப் விட்டுக்கொள்ள முடியாது. அதனால் ஒரு வருஷம் நான்தான் ஐந்து வேளையும் விட்டேன். மளிகைக் கடைக்குப் போய் வரிசையில் நின்றால்கூட மனம் கடிகாரத்திலேயே இருக்கும். என் தங்கை கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துக்கு நான் மண்டபத்தில் இல்லை. அவருக்கும் ஒவ்வொரு தடவையும் மனைவியிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்ற வேதனை. 2021இல் வயிற்றில் தொப்புளுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஓட்டை போட்டு டியூப் வைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு மூச்சு வந்தது அன்றைக்குத்தான். கீழே டியூப் இல்லாததால் அந்த இடம் அறுபடுவதில்லை, கணவன் மனைவி வாழ்க்கைக்கும் இடைஞ்சல் இல்லை.

முதல் தடவை டியூப் மாற்றுவது ஆஸ்பத்திரியில்தான். எங்களுக்கு ஆறு வாரத்தில் செய்தார்கள், அதற்குள் அந்த வழி உறுதிப்பட வேண்டும். இப்போது வீட்டிலேயே மாதத்துக்கு ஒருமுறை. அதே நம்பரில் உபரி டியூப் ஒன்று எப்போதும் அலமாரியில் இருக்கும். டியூப் தவறி வெளியே வந்துவிட்டால் ஓட்டை நமக்காகக் காத்திருக்காது, சீக்கிரமே சுருங்கி மூடிக்கொள்ளும். புதிதாக வைத்தவர்கள் தாங்களே திணிக்கப் பார்க்காமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. தங்கச்சி, உன் தம்பிக்கு டி10 என்பதால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை வராது. ஆனால் டி6இலோ அதற்கு மேலே கழுத்துப் பக்கமோ அடிபட்ட யாராவது இதைப் படித்தால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி அவர் தலை வெடிக்கிறது என்றார். முகமும் கழுத்தும் சிவந்து வேர்த்து ஊற்றியது, கால் பக்கம் ஜில்லென்று இருந்தது. நான் தலைவலி என்று பாராசிட்டமால் கொடுத்துப் படுக்கவைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. பக்கத்து வீட்டு மெஷினில் பார்த்தால் பிரஷர் 190. அவருக்கு எப்போதும் 95, 100தான் இருக்கும். எப்படியோ போர்வையை விலக்கிப் பார்த்தேன், பையின் டியூப் தொடைக்கு அடியில் மடிந்து நசுங்கியிருந்தது. நிமிர்த்தியதும் 700 மில்லி வந்தது. பத்து நிமிஷத்தில் தலைவலி போய்விட்டது. டாக்டர் பிறகு சொன்னார்: அடிபட்ட இடத்துக்குக் கீழே மூத்திரப்பை உப்பினால் அந்தச் செய்தி மூளைக்குப் போகாது, உடம்பு தானாகப் பிரஷரை ஏற்றிக்கொண்டே போகும், மூளையில் ரத்தம் கசியவும் கூடும். அப்படி வந்தால் படுக்கவைக்கக் கூடாது. உடனே உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, டியூப் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரி, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

---

ஓய்வுபெற்ற செயாமா எழுதியது:

முப்பது வருஷம் வார்டில் இருந்தவள் என்ற உரிமையில் சில விஷயங்கள்.

ரங்கூன் தம்பிக்கும் இந்தப் பையனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதைக் கவனிக்க வேண்டும். எல்1 அடிபட்டால் பெரும்பாலும் மூத்திரப்பை தளர்ந்து கிடக்கும், நிறைந்தாலும் சும்மா இருக்கும். டி10 அப்படி இல்லை. விழுந்த முதல் சில வாரங்கள் தண்டுவடம் அதிர்ச்சியில் இருப்பதால் பை அசையாது. அப்புறம் அது தன்னிஷ்டத்துக்குச் சுருங்க ஆரம்பிக்கும். பை சுருங்கும் அதே நேரத்தில் வால்வும் இறுகிக்கொள்ளும். மூத்திரம் வெளியே போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும், நாளாக ஆகக் கிட்னி பக்கம் திரும்பும். கிட்னி கெடும்போது வலி இருக்காது. முதல் உலகப் போர்க் காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் இந்த மூத்திரக் கோளாறாலும் படுக்கைப் புண்ணாலும்தான் சீக்கிரம் இறந்தார்கள். அதனால் டியூப் விட ஆரம்பித்த பிறகு, நடுநடுவே துணி நனைந்தால் "கொஞ்சம் கசிகிறது" என்று விட்டுவிடாதீர்கள். பை இறுகுகிறது என்று அர்த்தம். ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரை கொடுப்பார்கள். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், ஆனாலும் கிட்னியைக் காப்பாற்றும். பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் என்ற பரிசோதனை கிடைத்தால் செய்துவிடுங்கள். கிடைக்காவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை கிட்னி ஸ்கேனும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் கட்டாயம்.

வயிற்றைக் கையால் அழுத்தி மூத்திரம் எடுக்கும் பழக்கம் கிராமங்களில் உண்டு. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வால்வு மூடியிருக்கும்போது அழுத்தினால் அது மேலேதான் போகும்.

மூத்திரம் கலங்கலாக இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்று மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். டியூப் பயன்படுத்துகிற பெரும்பாலோருடைய மூத்திரத்தில் கிருமி இருக்கும், பரிசோதித்தால் பெரும்பாலும் தெரியும். ஜுரம், குளிர் நடுக்கம், கால் இழுப்பு திடீரென்று கூடுவது, புதிதாகக் கசிவது, ரத்தம் இவை வந்தால்தான் சிகிச்சை. சும்மா சும்மா மருந்து போட்டுக்கொண்டே இருந்தால் உண்மையாகத் தேவைப்படும் நாளில் எந்த மருந்தும் கேட்காது. இந்தப் பையனுக்கு ஐந்து மாதத்துக்குள் இரண்டு தடவை ஊசி போட்டாயிற்று, இனி கல்ச்சர் (எந்தக் கிருமி என்று பார்க்கும் மூத்திரப் பரிசோதனை) பார்க்காமல் போடவிடாதீர்கள்.

ஃபோலியையும் நான் எதிரியாகச் சொல்லமாட்டேன். படுக்கைப் புண் ஆறும்வரை, வெள்ளக் காலத்தில், ஆள் இல்லாத நாட்களில் அது வேண்டியிருக்கும். அப்போது லேட்டக்ஸைவிட முழு சிலிக்கோன் நல்லது, அதிக நாள் இருக்கும். பலூனில் சுத்தமான ஊசித் தண்ணீர்தான் ஏற்ற வேண்டும், சேலைன் ஏற்றினால் உப்புப் படிந்து வெளியே எடுக்கும்போது சுருங்காமல் அடம்பிடிக்கும். டியூபைத் தொடையிலோ வயிற்றிலோ ஒட்டுங்கள். யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல்.

ஒரே டியூபை ஒரு வாரம் கழுவிக் கழுவி வைத்துக்கொள்வது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. எங்கள் மழைக்காலத்தில் எது காய்கிறது? மூன்று நாளைக்குமேல் வேண்டாம்.

---

ரங்கூன் போன் ரிப்பேர் எழுதியது:

செயாமா, ஆடி ஆவணி மழையில் காயாது என்பது உண்மை. அந்த மாதங்களில் நானும் சீக்கிரமே மாற்றுகிறேன். மற்ற மாதங்களில் மூன்று நாள் என்றால் எனக்குக் கட்டாது. ஒவ்வொரு சரக்கும் வெளிநாட்டிலிருந்து வருகிறது, போன மாதம் கேட்ட விலை இந்த மாதம் இல்லை. முடிந்தவரை செய்கிறேன். கிட்னி ஸ்கேன் மட்டும் ஒரு வருஷமும் விட்டதில்லை.

---

மண்டலே பெண் எழுதியது:

நான் இங்கே படிப்பது மட்டும்தான், எழுதியதில்லை. 2025 மார்ச் 28 பூகம்பத்தில் மாடிப்படி என்மேல் விழுந்தது. டி11. எனக்கு 23 வயது.

தட்டோன் அக்கா, உங்கள் தம்பியிடம் நேராகப் பேசுவதுபோல் எழுதுகிறேன், அவரிடம் காட்டுங்கள்.

அண்ணே, நானும் நானே விட்டுக்கொள்கிறேன். பெண்களுக்குத் துவாரம் கண்ணுக்குத் தெரியாது. முதல் இரண்டு வாரம் சின்னக் கண்ணாடியைத் தொடைக்கு நடுவே வைத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தேடினேன், கரண்ட் இல்லாத ராத்திரியில். தப்பான இடத்தில் போய்விட்டால் அந்த டியூபை அப்படியே விட்டுவிட்டு வேறு டியூப் எடுக்கச் சொன்னார்கள், இனி எது தப்பான இடம் என்று தெரிந்துவிடுமே. இப்போது கண்ணாடி வேண்டாம், விரலே சொல்லிவிடுகிறது. ஆனால் சக்கர நாற்காலியில் இருந்தபடி எனக்கு இன்னும் வரவில்லை, கட்டிலில் படுத்துத்தான் செய்ய வேண்டும். அதனால் நாலு மணி நேரத்துக்குமேல் வெளியே போக முடிவதில்லை. அதற்கும் பழகிக்கொண்டு வருகிறேன். ஆண்களுக்கு இந்தச் சிரமம் இல்லை.

என் அம்மா செய்துவிடுகிறேன் என்றுதான் சொன்னார். நான் விடவில்லை. இடிபாட்டிலிருந்து எடுத்த நாளிலிருந்து என்னை யார் யாரோ தொட்டார்கள், திருப்பினார்கள், கழுவினார்கள். நானே கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை இது ஒன்றுதான். நீங்கள் கூச்சப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் டியூபை இப்போது யாரோ ஒரு செயாமா வந்து மாற்றுகிறார் இல்லையா?

---

தட்டோன் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. போனை அவனிடமே கொடுத்துவிட்டு நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் படித்துக்கொண்டுதான் இருந்தான். ஒன்றும் பேசவில்லை. ராத்திரி ரங்கூன் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறான், ஒரு மணி நேரம் பேசியிருக்கிறான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறு வாரம் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் தங்கினோம். ஃபோலியை எடுத்துவிட்டார்கள். முதல் தடவை செயாமா விட்டுக் காட்டினார். இரண்டாம் தடவை பாதி வரை போய் நின்றுவிட்டது, பயந்து வெளியே இழுத்துவிட்டான். மூன்றாம் தடவை "மூச்சு, மூச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விட்டான். 420 மில்லி. நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன், கப்பை வெளியே நீட்டி "அக்கா, நோட்டில் எழுது" என்றான்.

இப்போது வீட்டுக்கு வந்து ஒன்பது நாள். மாத்திரையும் ஆரம்பித்திருக்கிறார்கள். பகலில் 300, 350 என்று சரியாக வருகிறது. ராத்திரி 10க்கு எடுத்துவிட்டு விடிகாலை 5க்கு எடுத்தால் மட்டும் 650, 700 வருகிறது. எட்டு மணிக்குமேல் ஒரு வாய்கூடக் குடிப்பதில்லை. எங்கிருந்து வருகிறது இவ்வளவு?

---

ரங்கூன் போன் ரிப்பேர் எழுதியது:

420! என் முதல் கணக்கு 380, அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ராத்திரி வருவது காலில் இருந்து. பகல் முழுவதும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பான் இல்லையா, அசையாத காலில் நீர் இறங்கிக்கொள்ளும். சாயங்காலம் பாதத்தை விரலால் அழுத்திப் பார், குழி விழும். படுத்ததும் அந்த நீர் ரத்தத்தில் திரும்பி, கிட்னி வழியாக மூத்திரமாக இறங்கும். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு மணி நேரம் படுத்து, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கச் சொல். குதிகால் தலையணையில் அழுந்தாமல் கொஞ்சம் வெளியே இருக்கட்டும், இல்லையென்றால் புண் வரும். அப்படிச் செய்தால் அந்த நீர் 6 மணி, 10 மணிக் கணக்கிலேயே வந்துவிடும். அது சரியாகும்வரை ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து ஒரு தடவை எடுக்கட்டும், 700 வரை உப்பவிட வேண்டாம். பத்து நாள் கழித்து நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்.